கைக்குத் தெரியும், தாளுக்குச் சொல்வோம்



நம்மில் பலருக்கு நூலால் புருவம் எடுக்கத் தெரியும். மருதாணி வைக்கத் தெரியும். கல்யாணப் பெண்ணுக்குச் சடை தைக்கத் தெரியும். ஜாலிபாய் தீவைப் பார்க்க நம் வண்டூர்ப் படகுத்துறைக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் தங்கும் விடுதியில் அழகுக்கலை வேலை கேட்டால், "சான்றிதழ் உண்டா?" என்பார்கள். சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வு உண்டு. அங்கேதான் நமக்குப் பயம்.

அமெரிக்காவில் பெரும்பாலான அழகுக்கலை வேலைகளைத் தேர்வு எழுதி உரிமம் வாங்காமல் செய்ய முடியாது. 1975-இல் வியட்நாம் போருக்குப் பின் அகதிகளாகப் போன 20 பெண்கள் அங்கே நகப்பூச்சு வேலை கற்றார்கள். டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை அவர்களுக்கு உதவினார். ஊர் புதிது, மொழியும் புதிது. ஆனாலும் படித்தார்கள், உரிமம் வாங்கினார்கள், பிழைத்தார்கள். இன்று அந்த நாட்டில் நகப்பூச்சுக் கடைகளில் பெரும்பங்கு வியட்நாம் மக்கள் கையில் இருக்கிறது.

நமக்கு என்ன வழி? ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் படிப்பு. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பத்தாவது இல்லாதவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கும் ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்ற அமைப்பு நாட்டின் பல மாவட்டங்களில் பயிற்சி தருகிறது. நம் தீவில் எங்கே எந்தப் பயிற்சி நடக்கிறது என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்போம். தமிழில் வினாத்தாள் கிடைக்குமா என்பதையும் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் எழுத்துத் தேர்வுக்கு 100-க்கு 33 வாங்கினால் தேர்ச்சி. செய்முறைக்கு 60 வேண்டும். பார்த்தீர்களா? கை வேலைக்குத்தான் அதிக மதிப்பு. அது நம்மிடம் இருக்கிறது.

சரி, என்ன கேட்பார்கள்? தோல், முடி, நகம், சுத்தம், பாதுகாப்பு. ஒன்றிரண்டு பார்ப்போம்.

தலைச்சாயம் பூசும் முன் என்ன செய்ய வேண்டும்? காதுக்குப் பின்னால் துளி வைத்து, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அரிப்போ வீக்கமோ வந்தால் பூசக் கூடாது. இதன் பெயர் பேட்ச் டெஸ்ட்.

ஒரு பிளேடை இரண்டு பேருக்குப் போடலாமா? கூடாது. ரத்தம் பட்ட பிளேடு மூலம் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவலாம். கருவியைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அழுக்குப் போகும். கிருமிநாசினியில் ஊற வைத்தால் பெரும்பாலான கிருமி சாகும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைத்தால் எல்லாக் கிருமியும் சாகும். மூன்றும் வேறு வேறு. தேர்வில் இந்த வேறுபாட்டைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு கேள்வி. இவற்றில் எது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல?
அ) படர்தாமரை
ஆ) சொறி சிரங்கு
இ) வெண்புள்ளி
ஈ) பேன்

அவசரப்பட்டால் "படர்தாமரை" என்று எழுதிவிடுவோம். "அல்ல" என்ற சொல்லைப் பாருங்கள். விடை வெண்புள்ளி. அது யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளி உள்ள ஒரு பெண் நம்மிடம் வந்தால் உட்கார வைத்து வேலை செய்ய வேண்டும், திருப்பி அனுப்பக் கூடாது. இதைப் படிப்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை.

எப்படித் தயாராவது? ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் ஐந்து சொல் எழுதுங்கள். வீட்டில் உள்ள ஷாம்பு, கிரீம் டப்பாவில் கடைசித் தேதி எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் கேள்வியைப் படிக்கட்டும், மற்றவர் விடை சொல்லட்டும். "அல்ல", "தவிர" என்ற சொற்களின் கீழே கோடு போடுங்கள். தெரிந்த கேள்வியை முதலில் முடியுங்கள். தெரியாததற்குப் பிறகு வாருங்கள்.

நேற்றுப் பேர் எழுதக் கற்றவர்கள் நாம். இன்று கேள்வித்தாளைப் படிக்கிறோம். நாளைக்கு வரும்போது எல்லாரும் ஐந்து சொல் எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் சொல்லை நானே தருகிறேன்: கிருமிநாசினி.