குப்பைமேட்டின் அடியில் உள்ள நீர்



தில்லி மாநகரின் வடபகுதியில் பால்ஸ்வா என்னுமிடத்தில் 1994இல் குப்பை கொட்டத் தொடங்கினர். 2006லேயே அவ்விடம் நிறைந்துவிட்டதென்று கணிக்கப்பட்டது. எனினும் கொட்டுவது நிற்கவில்லை. கிழக்கே காஜிப்பூர் மேடு 1984இலும், தெற்கே ஓக்லா மேடு 1996இலும் தொடங்கியவை. இம்மூன்றின் அடியிலும் கசிவைத் தடுக்கும் படுகை எதுவும் அமைக்கப்படவில்லை. 2017 செப்டம்பரில் காஜிப்பூர் மேடு சரிந்து இருவர் மாண்டபோது நாடே அதைப் பற்றிப் பேசிற்று. மேட்டின் அடியில் அன்றாடம் நிகழ்வது அவ்வளவு பேச்சுக்கு உரியதாகவில்லை.

நிகழ்வது இதுதான். மழைநீர் குப்பையினூடே இறங்குகிறது. அழுகும் குப்பையில் பிறக்கும் அமிலங்கள் பேட்டரி, சாயம், தகரம் ஆகியவற்றிலுள்ள உலோகங்களைக் கரைக்கின்றன. கருத்து நாறும் அக்கசிவு நீர் யமுனையின் வண்டலிலும் மணலிலும் இறங்கி நிலத்தடி நீரோடு கலக்கிறது. ஈயம் போன்ற உலோகங்களில் ஒரு பகுதியை மண் பற்றிக்கொள்ளும். குளோரைடை அது பற்றுவதில்லை. ஆகவே கிணற்றை முதலில் எட்டுவது குளோரைடுதான். பின்னால் வருபவற்றிற்கு அதுவே முன்னறிவிப்பு.

ஆனால் தில்லியின் வடமேற்குப் பகுதிகளில் நிலத்தடி நீர் இயல்பாகவே உவர்ப்பானது. உப்பு மிகுந்த கிணற்றையெல்லாம் குப்பையால் கெட்டதென்று கூறிவிட முடியாது. நீரோட்டத்தின் மேற்பக்கக் கிணறு ஒன்றையும் கீழ்ப்பக்கக் கிணறுகள் சிலவற்றையும் ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது. 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள், குப்பைநிலத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நீரைச் சோதிக்கக் கோரின. கசிவு நீர் 50 மீட்டரோடு நின்றுவிடுவதில்லை!

நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகள் பலர் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால்ஸ்வா மேட்டின் அருகிலேயே குடியமர்த்தப்பட்டனர். இத்தகைய குடியிருப்பில் லாரித் தண்ணீர் வராத நாளில் அடிபம்பைத்தான் நாடவேண்டும். காய்ச்சிக் குடியுங்கள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். காய்ச்சுவதால் கிருமிகள் சாகும். ஈயமும் நைட்ரேட்டும் போகா. நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் குளோரைடு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லையெனில் 1000 வரை. கரைந்த திடப்பொருள்களுக்கு 500, அவ்வாறே 2000. நைட்ரேட்டுக்கு 45, ஈயத்துக்கு 0.01, இவ்விரண்டிற்கும் தளர்வே இல்லை. ‘வேறு நீராதாரம் இல்லையெனில்’ என்னும் சொற்களைக் கோப்புகளில் சற்று எளிதாகவே கையாள்கிறோம். இயற்கையிலேயே உவர்நீர் வாய்த்த ஊர்களுக்கு அத்தளர்வு பொருந்தலாம். நாமே கொட்டிய குப்பையால் கெட்ட நீருக்கு அதைக் காட்டித் தப்புவது முறையன்று என்பது என் கருத்து.

2000ஆம் ஆண்டு விதிகள் புதிய குப்பைநிலங்களுக்கு 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பையும், அதன் கீழே 90 சென்டிமீட்டர் இறுகிய களிமண்ணையும் விதித்தன. பழைய மேடுகளுக்கு அடியில் இனி எதையும் விரிக்க இயலாது. 2019இல் மேடுகளை அகழ்ந்து பிரித்தெடுக்கும் பணி தொடங்கியது. வேண்டிய பணியே; ஆயினும் முன்பே மண்ணில் இறங்கிவிட்ட கசிவு, மேடு மறைந்த பின்னும் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். எனவே சோதனையை மேட்டோடு சேர்த்து முடித்துவிடலாகாது.

வங்கதேசத்தில் ஆர்சனிக் மிகுந்த குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசினர். நாமும் பூசலாம். ஆனால் வேறு தண்ணீர் தராமல் வர்ணம் மட்டும் பூசினால் அப்பெண்கள் மறுநாளும் அதே பம்புக்குத்தான் வருவார்கள். சிவப்பு வர்ணத்தோடு, குழாய் இணைப்பு எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதையும் அப்பலகையில் எழுதுங்கள்.