மழலை தாமதமானால்…

(நமது சங்கத்தின் ஒன்றுகூடலில், மாணவர்களும் குடும்பத்தினரும் கலந்துகொண்ட பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசுப்பா, உன் வேலையைப் பத்தியே பேசு" என்றார். நான் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அதைப் பேசினால், சர்க்யூட் தியரி வகுப்பில் நான் செய்ததை இங்கே நீங்கள் செய்வீர்கள். ஆகவே வேறு விஷயம் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். பேச்சு வரத் தாமதமாகும் சின்னக் குழந்தைகளுக்கு ஸ்பீச் தெரபி என்கிற பேச்சுப் பயிற்சி எப்படி உதவுகிறது என்பதே அது. இந்த அரங்கில் இளம் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒருவருக்குப் பயன்பட்டாலும் எனக்குத் திருப்திதான்.

நான் மருத்துவன் இல்லை. 2010இல் இங்கே எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் முடித்தவன். நாலு வருஷம் கம்யூனிகேஷன் படித்த எனக்கு, கம்யூனிகேஷன் என்றால் என்ன என்று புரியவைத்தவர் பெங்களூரில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். காரணம் என் மகன்.

அவன் 2019இல் பிறந்தான். 2021 செப்டம்பரில் அவனுக்கு இரண்டே கால் வயது. ஓடுவான், ஏறுவான், மிக்ஸி மூடியைக் கழற்றி மாட்டுவான். பேச்சு மட்டும் இல்லை. 'ம்மா', 'ப்பா', இன்னும் இரண்டு மூன்று சத்தங்கள், அவ்வளவுதான். எது வேண்டுமானாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். நமக்குப் புரியாவிட்டால் தரையில் விழுந்து அழுவான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "கொரோனா நேரத்துக் குழந்தை, வெளியாளையே பார்க்கல, அதான்." "ஆம்பளைப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்." "அவங்க தாத்தா நாலு வயசுலதான் வாயைத் திறந்தாராம், அப்புறம் மூடவே இல்லையே!" என் மனைவி மட்டும், "ஒரு தடவை காட்டிடுவோம். ஒண்ணும் இல்லேன்னா நிம்மதி. ஏதாவது இருந்தா நாள் மிச்சம்" என்றாள். நண்பர்களே, இன்றைய என் பேச்சின் சாரம் அந்த வார்த்தைகள்தான். தூங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு தூங்கலாம்.

ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் கேட்டது, "காது டெஸ்ட் பண்ணியாச்சா?" என்றுதான். நம் ஊரில் பேச்சு வராத பிள்ளைக்கு நாக்கில் வசம்பு உரசித் தடவுவார்கள், நாக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆனால் பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. கேட்காத குழந்தை எதைப் பார்த்துத் திருப்பிச் சொல்லும்?

இதில் நமக்குப் பிடித்த இன்ஜினியரிங் நிறைய இருக்கிறது. நன்றாக இயங்கும் உள்காது, ஒலியை வாங்கிக்கொள்வதோடு மிக மெல்லிய ஒலியைத் திருப்பி வெளியேயும் விடுகிறது. இதை 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி கண்டறிந்து வெளியிட்டார். இன்று பிறந்த குழந்தை தூங்கும்போதே காதில் சின்ன முனையை வைத்து, சில நிமிடங்களில் அந்தத் திரும்பும் ஒலியை அளந்துவிடுகிறார்கள். அடுத்தது 'பெரா' பரிசோதனை. தலையில் எலக்ட்ரோடுகளை ஒட்டி, காதில் 'க்ளிக்' ஒலியை ஆயிரக்கணக்கான முறை கொடுக்கிறார்கள். ஒரு க்ளிக்குக்கு நரம்பில் எழும் மின்னலை, மூளையின் மற்ற சலசலப்பில் காணாமல் போய்விடும். 2000 முறை எடுத்துச் சராசரி போட்டால் சலசலப்பு ஏறக்குறைய 45இல் ஒரு பங்காகக் குறைந்து, அலை தெளிவாக மேலே வருகிறது. சிக்னல் ஆவரேஜிங் எதுக்குப் படிக்கிறோம்னு கேட்கிற தம்பிகளே, இதுக்குத்தான்.

என் மகனுக்குக் காது நன்றாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. ஏன் இந்த அவசரம்?

1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹிந்தியில் உள்ள இரண்டு ஒலிகளை, நம் 'த'வும் 'ட'வும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். பெரியவர்கள் திணறும் அந்த வித்தியாசத்தை ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் பிரித்துணர்ந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறமை பெரும்பாலும் மங்கிவிட்டது. 'ம்மா' என்று முதல் சொல் வருவதற்கு முன்பே, எந்த ஒலி என் வீட்டுக்கு வேண்டும், எது வேண்டாம் என்று மூளை முடிவு செய்யத் தொடங்கிவிடுகிறது. நாம் "இன்னும் பேசலையே" என்று சொல்லும் மாதங்களில் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது.

அப்படியானால் நிறையக் கேட்கவைத்தால் போதுமா? டி.வி.யைப் போட்டுவிடலாமா? இதற்கும் பதில் உண்டு. 2003இல் பாட்ரிஷியா கூல் என்பவரின் குழு, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தது. ஆள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடிய பன்னிரண்டு அமர்வுகளில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது கற்கவில்லை. நம் பாஷையில் சொன்னால், டி.வி. ஓப்பன் லூப். குழந்தை சிரித்தாலும் அழுதாலும் அது பாட்டுக்கு ஓடும். அம்மா க்ளோஸ்டு லூப். குழந்தை 'ஊ' என்றால் அம்மா 'ஊ' என்கிறாள், இது மறுபடி சிரிக்கிறது. அந்தச் சுற்றில்தான் மொழி வளர்கிறது.

பயிற்சி அறைக்கு முதல் நாள் போனபோது, "அ சொல்லு, ஆ சொல்லு" என்று பாடம் நடக்கும் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தரையில் அவன் எதிரே, அவன் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார். சோப்புக் குமிழி ஊதினார். அவன் துள்ளினான். மறுபடி ஊதினார். மூன்றாவது தடவை குச்சியை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டு, அவனைப் பார்த்துக் காத்திருந்தார். பத்து விநாடி இருக்கும். எனக்கு அது பத்து நிமிஷம். அவன் குச்சியைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், கையை நீட்டினான். உடனே, "ஊது! ஊதணுமா? ஊதறேன்!" என்று ஊதினார். அவ்வளவுதான் பாடம். "அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன். இது பேச்சுதான் சார். வார்த்தை பின்னாடி வரும்" என்றார்.

நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு கருவி தகவலை அனுப்புகிறது. வந்து சேர்ந்தது என்று அடுத்த கருவி ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஒப்புதலே வராவிட்டால் அனுப்புகிற கருவி சில தடவை முயன்று ஓய்ந்துவிடும். குழந்தையும் அப்படித்தான். அதன் பார்வை, கை நீட்டல், முனகல் எல்லாமே தகவல்தான். தெரபிஸ்ட் அவற்றைக் கண்டுபிடித்து ஒப்புதல் கொடுக்கிறார், ஒவ்வொரு படியாக அடுத்ததை எதிர்பார்க்கிறார்.

இப்போது ஒரு கணக்கு. வாரம் இரண்டு தடவை, தடவைக்கு முக்கால் மணி நேரம், ஆக ஒன்றரை மணி. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் குழந்தை விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி. மீதி எண்பத்திரண்டரை மணி நேரம் யாரிடம்? நம்மிடம். அதனால்தான் நல்ல தெரபிஸ்ட் குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு பெற்றோரை வெளியே பெஞ்சில் உட்காரவைப்பதில்லை. கூடவே உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கிறார். எங்களுக்குச் சொல்லித் தந்ததில் சிலவற்றை நீங்களும் எடுத்துப் போகலாம்:

ஒன்று, கேள்விகளைக் குறையுங்கள். "இது என்ன? அது என்ன கலர்?" என்று நேர்முகத் தேர்வு நடத்தாதீர்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள்.

இரண்டு, ஒரு சொல் கூட்டுங்கள். அவன் 'கார்' என்றால் நீங்கள் 'சிவப்புக் கார்', 'கார் போகுது' என்று சொல்லுங்கள். "சரியா சொல்லு" என்று திருத்த வேண்டாம்.

மூன்று, காத்திருங்கள். பாட்டி மடியில் வைத்து ஆட்டிப் பாடும் பாட்டில் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். பாலா, தண்ணியா என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்த இடைவெளி குழந்தையுடையது.

நான்கு, சோறு ஊட்டும் நேரம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினார்களே நம் பாட்டிமார், அது சும்மா ஏமாற்று வேலை இல்லை. பாட்டி விரல் நீட்டுகிறாள், குழந்தை நிலாவைப் பார்க்கிறது, திரும்பிப் பாட்டியைப் பார்க்கிறது. இருவர் கவனமும் ஒரு பொருளில் கூடுகிற இந்த இடத்தில்தான் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன. செல்போனைக் காட்டி ஊட்டினால் சோறு இறங்கும், பாட்டி காணாமல் போய்விடுவாள். இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டுப் பள்ளியில், "வீட்டில தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழந்தை குழம்புது" என்று எங்களிடம் சொன்னார்கள். தெரபிஸ்ட் சிரித்துவிட்டு, "உங்களுக்கு எந்த மொழியில கொஞ்ச வருதோ அதுல பேசுங்க" என்றார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது காட்ட வேண்டும்? ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, கை காட்டிக் கேட்கவில்லை என்றால். ஒன்றரை வயதில் சொல்லே இல்லை என்றால். இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேரவில்லை என்றால். எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனால். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் அந்தப் பலரில் நம் குழந்தை ஒன்றா என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது. பார்த்தால்தான் தெரியும்.

பணம் இருக்கிறவர்களுக்கு மட்டும்தானா இது? இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் வழி சொல்வார்கள். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. காது கேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யப்படுகிறது. ஆனால் கருவியைப் பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. கேட்கும் சத்தத்துக்கு அர்த்தம் கற்றுக்கொடுக்கும் பயிற்சி தொடர்ந்து நடந்தால்தான் பலன். ஹார்டுவேர் மட்டும் வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்று இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாவது வாரம் குமிழிக் குச்சியைப் பார்த்து 'ஊ' என்றான். பிறகு அது 'ஊது' ஆனது. ஒன்றரை வருஷம் பயிற்சிக்குப் போனோம். இன்று பள்ளிக்கூடம் போகிறான். ரயிலை 'லயில்' என்பான், கோபம் வந்தால் வார்த்தை தடுமாறும். ஆனால் தரையில் விழுந்து அழுவது நின்றுவிட்டது. ஏனென்றால் "வேணாம்" என்று சொல்ல அவனிடம் ஒரு சொல் இருக்கிறது.

அதே அறைக்கு வெளியே எங்களோடு காத்திருந்த சில குழந்தைகள் இன்னும் பேசவில்லை. அவர்களில் ஒரு சிறுமி படங்களைத் தொட்டுத் தன் பசியையும் கோபத்தையும் சொல்கிறாள். அதையும் பேச்சுப் பயிற்சியின் வெற்றி என்றுதான் சொல்வேன். படம் காட்டிப் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். நம் சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர், தொட்டால் பேசும் படச் செயலியை 'ஆவாஸ்' என்ற பெயரில் உருவாக்கினார். அது இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான்.

மாணவத் தம்பி தங்கைகளே, இறுதி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலையும்போது, பக்கத்து அரசு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சி அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அங்கே என்ன வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள். மழலைத் தமிழைப் புரிந்துகொள்ளும் மென்பொருள், மலிவான செவிப் பரிசோதனைக் கருவி என்று உங்களுக்கு வேலை காத்துக் கிடக்கிறது.

பெற்றோரே, தாத்தா பாட்டிகளே, வீட்டில் ஒரு குழந்தையின் பேச்சைப் பற்றி மனதில் சின்ன உறுத்தல் இருந்தால், அடுத்த விசேஷம் முடியட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும் என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே போங்கள். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி. இருந்தால் நாள் மிச்சம்.