பொது உடற்பயிற்சிக்கூடமும் புதியவரின் கூச்சமும்

பெங்களூரு நகரின் தென்கிழக்கில், ஓசூர் சாலையின் இருமருங்கிலும் விரிந்துகிடக்கும் பொம்மனஹள்ளி, 2007-ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக விளங்கிய பகுதியாகும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்களும் மென்பொருள் அலுவலகங்களுக்குச் செல்லும் இளைஞர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இப்பகுதியில், கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் இந்தியும் நாள்தோறும் ஒலிக்கின்றன. ஊதியத்தாலும் வாழ்க்கை முறையாலும் வேறுபட்ட இவ்விரு சாராருக்கும் பொதுவாக அமைந்தவை, தையல் இயந்திரத்தின் முன்போ கணினியின் முன்போ நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்திருக்கும் வேலையும், அதனால் கழுத்திலும் இடுப்பிலும் சேரும் வலியும் ஆகும்.

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலும், இரண்டு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மூச்சு சற்று வேகமெடுத்தாலும் பேச்சு தடைபடாத அளவே மிதமான உழைப்பு எனப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி, இந்தியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றும், இவ்விகிதம் ஆண்களிடையே 42 விழுக்காடாகவும் பெண்களிடையே 57 விழுக்காடாகவும் உள்ளது என்றும் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் அறிவித்தனர். இதற்கு நேரமின்மையையும் கட்டணத்தையும் காரணமாகக் கூறுவோர் பலர். அவை மெய்யான தடைகளே. ஆனால் நேரமும் பணமும் இருந்தும் ஜிம்மின் படியேறாமல் திரும்புவோரிடம், வாய்விட்டுச் சொல்லப்படாத மூன்றாவது தடை ஒன்றும் உள்ளது. அதுவே கூச்சம்.

பிறர் தம் உடலை மதிப்பிடுகிறார்கள் என்ற எண்ணத்தால் எழும் இப்பதற்றத்தை உளவியலாளர்கள் உடல்தோற்றப் பதற்றம் எனக் குறிப்பிடுவர். இதனை அளப்பதற்கான வினாநிரல் ஒன்றை ஹார்ட், லியரி, ரெஜெஸ்கி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டனர். ஜிம் ஒன்றில் முதன்முறை நுழைபவரின் நிலையைக் கூர்ந்து நோக்கினால் இதன் பொருள் விளங்கும். நான்கு சுவரிலும் கண்ணாடி. அதற்கு மேலே கட்டுடல் வீரர்களின் படங்கள். எடைத்தட்டுகளின் நடுவே செருகும் ஊசியை எந்தத் துளையில் செருகுவது என்பதோ, இருக்கையின் உயரத்தை எப்படி மாற்றுவது என்பதோ தெரியாத தயக்கம். கேட்டால் சிரிப்பார்களோ என்ற அச்சம். இறுதியில் அவர் தமக்குத் தெரிந்த ஒரே கருவியான டிரெட்மில்லில் சிறிது நேரம் நடந்துவிட்டு வெளியேறுகிறார். தசைக்கு வலுவூட்டும் கருவிகள் அவருக்குப் பயன்படாமலே போகின்றன.

இந்த அச்சத்தில் ஒரு பகுதி மனத்தின் மிகைக் கணக்கு என்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அணியக் கூசும் படம் பொறித்த டி-ஷர்ட்டை அணிந்து ஓர் அறைக்குள் சென்ற மாணவர்கள், அங்கிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று கருதினர். உண்மையில் கவனித்தவர்களோ ஏறத்தாழ நான்கில் ஒருவரே. பயிற்சி செய்வோர் பெரும்பாலும் தம் மூச்சையும் தம் எண்ணிக்கையையுமே கவனித்துக்கொண்டிருப்பர் என்பதைப் புதியவர் அறிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். எனினும் பெண்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் மனப்பிரமை எனத் தள்ளிவிட இயலாது. முறைத்துப் பார்ப்பதும் கேளாமல் அறிவுரை கூற நெருங்குவதும் மெய்யாகவே நிகழ்பவை. அவற்றைத் தடுக்கும் பொறுப்பு கூடத்தை நடத்துவோருடையதே அன்றி, பயிற்சிக்கு வரும் பெண்ணுடையது அன்று.

இக்கூச்சம் துணிவின்மையின் அடையாளம் அன்று என்பதற்குப் பொம்மனஹள்ளியின் அண்மை வரலாறே சான்றாகும். வருங்கால வைப்புநிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க இயலாது என்ற புதிய விதியை எதிர்த்து, 2016 ஏப்ரல் 18 அன்று ஆடைத் தொழிலாளர்களான பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினர். மறுநாளே மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. நகரின் முதன்மையான சாலையை மறித்து நின்றவர்களுக்குப் பொதுவெளி புதிதன்று. அன்று தோளோடு தோள் நின்றவர்கள் தம்மைப் போன்றவர்கள் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. ஜிம்மின் வாசலில் தனியே நிற்கும் பெண்ணுக்கு அவ்வுறுதி கிடைப்பதில்லை.

புதியவருக்கு இத்தகைய உறுதி தேவை என்பதைப் பழைய பயிற்சி மரபுகள் ஓரளவு அறிந்திருந்தன. கன்னட நாட்டில் கரடி மனை எனப்படும் மல்லர் பயிற்சிக்கூடத்தில், ஆஞ்சநேயரை வணங்கிச் செம்மண் களத்தில் இறங்கும் புதியவருக்கு, தண்டாலும் பஸ்கியும் தொடங்கிக் கர்லாக்கட்டை வரை எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை ஆசிரியரே வகுத்துத் தந்தார். ஆனால் அக்களங்கள் மரபாக ஆண்களுக்கு உரியவையாகவே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெங்களூரில் புகழ்பெற்ற உடற்பயிற்சிக்கூடத்தை நடத்தியவரும், சாந்தலா என்னும் கன்னடப் புதினத்தை எழுதியவருமான கே.வி. ஐயர், கூடத்தில் பயிற்றுவித்ததோடு நில்லாமல், அஞ்சல் வழியாகவும் பாடங்களை அனுப்பினார். கூடத்திற்கு வர இயலாதவரையும் பயிற்சி சென்றடைய வேண்டும் என்னும் நோக்கு இன்றைக்கும் பொருந்துவதே.

மாநகராட்சிப் பூங்காக்களில் நிறுவப்பட்டுள்ள திறந்தவெளிக் கருவிகளை இந்நோக்கின் தொடர்ச்சியாகக் கருதலாம். அவற்றுக்குக் கட்டணம் இல்லை. சுவர்க் கண்ணாடி இல்லை. பெரும்பாலானவை பயன்படுத்துவோரின் உடல் எடையைக் கொண்டே இயங்குவதால், யார் எத்தனை கிலோ தூக்குகிறார் என்ற ஒப்பீட்டுக்கும் இடமில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக முடிந்துகொண்டு, சுடிதாரிலேயே பயிற்சி செய்ய முடிகிறது. உறவினரோ பக்கத்து வீட்டாரோ உடன்வர, விடியற்காலையில் அங்கே பழகிக்கொண்டவருக்கு, பின்னர் ஜிம்முக்குள் நுழைவதும் எளிதாகும்.

அதே வேளையில், கூடங்களை நடத்துவோர் செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவை அல்ல. புதியவருக்கு முதல் வாரம் முழுவதும் தனிக் கட்டணமின்றிக் கருவிகளைக் கற்பித்தல், ஒவ்வொரு கருவியிலும் கன்னடத்திலும் தமிழிலும் பயன்பாட்டுக் குறிப்பு எழுதி ஒட்டுதல், தொழிற்சாலை வேலைநேரத்திற்கு ஏற்பப் பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்குதல், பெண் பயிற்றுநரை அமர்த்துதல், கண்ணாடியில்லாத மூலை ஒன்றை விட்டுவைத்தல் ஆகியவை போதும். புதியவரும் நெரிசல் குறைந்த நேரத்தைத் தேர்ந்து, துணையொருவருடன் சென்று, இரண்டு மூன்று கருவிகளை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டு தொடங்குவது நல்லது. கருவி வாங்கச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும் வருவோரின் மனநிம்மதிக்குச் செலவிடும் கூடமே பொதுக்கூடம் என்னும் பெயருக்குத் தகுதியுடையது. உடல்நலம் எல்லோருக்கும் உரியது என்றால், அதைத் தேடிச் செல்லும் இடமும் எல்லோருக்கும் இயல்பானதாக இருந்தே ஆக வேண்டும்.