காட்டுக்குப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

(மைசூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரும் ஜனவரியில் நம் குழந்தைகள் 18 பேர் பாலாற்றுப் பக்கம் ஒரு நாள் சேவைக்காகக் காட்டு வழி நடக்க இருக்கிறார்கள். மலை மாதேஸ்வரனைத் தரிசிக்க வரும் பக்தர்கள் வழியில் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் பொறுக்கி எடுத்து வருவது வேலை. அவர்களை அழைத்துப் போகும் பொறுப்பை, 74 வயதான இந்தப் பழைய அரசாங்க உத்தியோகஸ்தனிடம் கொடுத்திருக்கிறீர்கள். பெற்றோர் கையெழுத்துப் போடுமுன் என்னென்ன ஏற்பாடு என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதற்காகவே இந்த உரை.

பாலாறு என்றதும் சிலர் வேலூர்ப் பாலாற்றை நினைத்தார்கள். அது வேறு, நந்தி மலையில் பிறந்து வட ஆற்காடு வழியாகப் போவது. இது கர்நாடக, தமிழக எல்லையில் ஓடி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியில் காவிரியோடு சேரும் சிற்றாறு. 1956 வரை கொள்ளேகாலம் தாலுகா சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். அங்குள்ள ஜனங்கள் இரண்டு பாஷையும் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு சிலர், "அது வீரப்பன் காடாச்சே!" என்றார்கள். உண்மைதான். 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி பாலாற்றருகே கண்ணிவெடியில் போலீசாரும் வனத்துறையினரும் உடன் சென்றவர்களுமாக 22 பேர் மாண்டார்கள். ஆனால் வீரப்பன் 2004 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டான். 2013-ல் 906 சதுர கிலோமீட்டர் பரப்பு மாதேஸ்வர மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் பிலிகிரிரங்கன் மலை, இன்னொரு பக்கம் சத்தியமங்கலம் என்று யானையும் புலியும் நடமாடும் பெரிய காட்டின் நடுப்பகுதி அது. இன்று அங்கே பயப்பட வேண்டியது துப்பாக்கிக்கு அல்ல, நம் அஜாக்கிரதைக்குத்தான்.

அஜாக்கிரதை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த இளைஞர் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் படித்து நல்ல வேலையில் இருந்த பெண்கள். நடக்கத் தெம்பில்லாமல் யாரும் சாகவில்லை. மார்ச் மாதம், காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, தப்பிக்கும் வழி தெரியாத இடம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது.

நான் படித்தது தாவரவியல் பி.எஸ்ஸி. ஆகையால் கொஞ்சம் விஞ்ஞானம் சொல்ல அனுமதியுங்கள். சூடான காற்று மேலே எழும்புவதால், சரிவில் மேலே நிற்கும் புல் தீ வந்து சேருமுன்பே காய்ந்து தயாராகிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கோ போக வேண்டும். நைலான் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடைதான் போட வேண்டும், அதுவும் மங்கிய நிறத்தில். நாம் ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததே பிப்ரவரியில் தீக்காலம் தொடங்கிவிடும் என்பதால்தான்.

முதல் ஏற்பாடு அனுமதி. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் கையில் வரும்வரை யாரும் பஸ் டிக்கெட் வாங்க வேண்டாம். பாலாற்றைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு வனத்துறை. அக்கரை அழகாகத் தெரிகிறதே என்று யாரும் கால் வைக்கக்கூடாது.

இரண்டாவது, தூரக் கணக்கு. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் சொன்னார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை. ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. முதலில் நம் இளைஞர்கள் போட்ட திட்டம் 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம். சூத்திரப்படி சுமார் மூன்றரை மணி. ஆனால் அது குளிர் தேசத்துக் கணக்கு. நம் வெயிலும், குனிந்து நிமிர்ந்து குப்பை பொறுக்குவதும், மூட்டை சுமப்பதும் சேர்ந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். ஏழு மணி நேரம்! காலை எட்டுக்குப் புறப்பட்டால், சாப்பாட்டு நேரமும் சேர்த்து, யானைகள் தண்ணீருக்கு வரும் மாலைப் பொழுதில் நாம் நடுவழியில் நிற்போம். எனவே தூரத்தைப் பாதியாக்கிவிட்டேன். இளைஞர்களுக்கு வருத்தம்தான். பரவாயில்லை.

மூன்றாவது, தண்ணீர். ஆளுக்கு 4 லிட்டர் என்றால் 18 பேருக்கு 72 லிட்டர், அதாவது 72 கிலோ. பாதியை வண்டி, வழியில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து வைக்கும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்கக்கூடாது. வயிற்றுப்போக்கோ மயக்கமோ வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகாரம்? பொரி, பொட்டுக்கடலை, சப்பாத்தி, புளியோதரை போதும். வாழைப்பழமும் வெல்லமும் வேண்டாம். நமக்கு முன்னால் அந்த வாசனை யானைக்கும் கரடிக்கும் போய்ச் சேரும். சென்ட், மல்லிகைப்பூ, செல்போனில் பாட்டு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான்காவது, பாம்பும் உண்ணியும். நம் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அசையாமல் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் மருந்து கையிருப்பில் இருக்கிறது என்று போன வாரமே நேரில் போய் விசாரித்து வந்தேன். புறப்படும் முதல் நாள் மறுபடி விசாரிப்பேன். உண்ணிக் காய்ச்சலான க்யாசனூர் காட்டு நோய் 1957-ல் ஷிமோகாவில் கண்டறியப்பட்டது. 2012-ல் இதே சாமராஜநகர் மாவட்டத்துப் பந்திப்பூரிலும் தலைகாட்டியது. ஆகவே முழுக்கைச் சட்டை. வீடு திரும்பியதும் குளியல். பத்து நாளைக்குள் ஜுரம் வந்தால் டாக்டரிடம் "காட்டுக்குப் போய் வந்தேன்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, தேகப் பயிற்சி. மூன்று ஞாயிற்றுக்கிழமை சாமுண்டி மலைப் படிகளில் ஏறி இறங்குகிறோம். யார் முதலில் ஏறினார் என்று நான் பார்க்கப் போவதில்லை. கடைசியில் வருபவர் யார் என்றுதான் பார்ப்பேன், அவர்தான் காட்டில் முன்னால் நடப்பார். குழு முழுவதும் அவர் வேகத்தில். நானும் இருதயப் பரிசோதனை செய்துகொண்டேன். டாக்டர் சம்மதித்திருக்கிறார். ஆனாலும் எனக்குப் பதிலாக முடிவெடுக்க நாற்பது வயதுக்குள் இருவர், அதில் ஒருவர் பெண், கூடவே வருகிறார்கள். பெண் குழந்தைகளின் சௌகரியங்களை அவர் கவனிப்பார்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உடல்நல விவரப் படிவம் 18 பேருக்கும் கொடுத்தேன். திரும்பி வந்த 18-லும் "ஒன்றுமில்லை" என்றே எழுதியிருக்கிறது. பதினெட்டு பேரில் ஒருவருக்குக்கூட இழுப்பு இல்லை, வலிப்பு இல்லை, சர்க்கரை இல்லை, மாத்திரை இல்லை. இதை நான் நம்பவில்லை. காரணம் எனக்குத் தெரியும். வரன் பார்க்கும் வயது; நாலு பேருக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்ற கவலை. அந்தக் கவலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காட்டு நடுவில் ஒரு பெண் மூச்சுத் திணறி விழும்போது, அவள் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே படிவங்களைத் திருப்பித் தருகிறேன். மறுபடி உண்மையாக எழுதி, உறையில் ஒட்டிக் கொடுங்கள். நானும் உடன் வரும் டாக்டரும் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டோம். திரும்பி வந்த அன்றே உங்கள் கையில் ஒப்படைப்பேன். எழுதிய குறைக்காக எந்தக் குழந்தையையும் நிறுத்த மாட்டேன். தேவையானால் வண்டியருகே வேலை தருவேன். மறைத்த குறைதான் ஆபத்து.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காட்டோரத்தில் சோளகரும் மாடு மேய்ப்பவர்களும் வாழ்கிறார்கள். 2025 ஜூனில் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷத்தால் செத்தன. மாட்டைப் பறிகொடுத்த கோபத்தில், செத்த மாட்டின் மேல் விஷம் வைத்திருந்தார்கள். கொடுமைதான். ஆனால் ஒரு மாடு போனால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியாத நாம் அவர்களுக்கு உபதேசம் செய்யப் போகவில்லை. குப்பை பொறுக்கப் போகிறோம். பார்த்தால் நமஸ்காரம் சொல்லுங்கள், கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வழிகாட்டியாக வருபவர் "நில்" என்றால் பி.இ., எம்.பி.ஏ. எல்லாரும் நிற்க வேண்டும், நான் உட்பட. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஒடிந்த கிளையில் பால் இன்னும் காயவில்லையே என்று அவர் பார்த்துச் சொல்வது நம் படிப்பில் இல்லை.

2018 ஜூனில் தாய்லாந்தில் 12 சிறுவர்களும் அவர்களது கால்பந்துப் பயிற்சியாளரும் குகைக்குள் மழைவெள்ளத்தில் சிக்கிய செய்தி நினைவிருக்கும். பதினேழு, பதினெட்டு நாள் கழித்து எல்லோரும் உயிரோடு மீண்டார்கள். ஆனால் மீட்கப் போன ஒரு முன்னாள் கடற்படை வீரர் இறந்தார். உள்ளே போனவர்களின் அஜாக்கிரதைக்குச் சில சமயம் வெளியிலிருப்பவர் விலை கொடுக்கிறார். ஆகவே நம் குழுவுக்கு ஒரு விதி. பகல் 12 மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவோம். மூட்டை நிரம்பாவிட்டாலும் சரி, இன்னும் நூறு அடிதான் என்றாலும் சரி. மழை வந்தால், புகை தெரிந்தால், வழிகாட்டி வேண்டாமென்றால், தலை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், அப்போதே நிறுத்தம். புறப்பட்ட இடத்திலேயே ரத்து செய்ய நேர்ந்தாலும் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

எத்தனை மூட்டை பிளாஸ்டிக் சேர்ந்தது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். படிவங்களும் உறைகளும் வாசல் மேஜையில் இருக்கின்றன. காப்பி சாப்பிடுமுன் எடுத்துக்கொள்ளுங்கள்.