அரைப்பேரும் அரைப்படிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் சிறப்பைப் பற்றி எனக்கு முன் பேசிய பெரியோர்கள் அழகாக எடுத்துரைத்தார்கள். நான் கல்வியின் செலவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அதிலும், ஏதோ ஒரு காரணத்தால் முழுப் பாடங்களையும் ஒரே ஆண்டில் படிக்க இயலாத மாணவனுக்குப் பண உதவி உண்டா, இல்லையா என்பதே என் பேச்சு.

நமது தோட்டங்களில் "அரைப்பேர்" என்ற சொல்லை அறியாதவர் இல்லை. குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவளுக்குச் செக்ரோலில் அரைப்பேர் விழும். அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் தாய்மாருக்கு மனம் கசக்கும். கசப்பு நியாயமானதே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடுமையான கணக்கிலும், பாதி வேலைக்குப் பாதிக் கூலி உண்டு. சர்வகலாசாலை மாணவனுக்கோ அரைப்பேர் என்பதே கிடையாது. முழுப்பேர், இல்லையேல் வெறுங்கை!

இதனை விளக்குகிறேன். 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் தோன்றியது. அதைப் பெறாத வறிய மாணவருக்கு அரசாங்கத்தின் நிதியுதவி உண்டு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், நிதியுதவி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி பார்த்தால், 7,500 ரூபாய் என்பது ஒரு தாய் ஐந்தரை நாள் மலையேறிக் கொழுந்து பறித்துச் சம்பாதிக்கும் பணம். அதைச் சிறு தொகை என்று நம்மில் யார் சொல்லுவார்?

ஆனால் மகாபொலவுக்கு நிபந்தனை உண்டு. விரிவுரைகளுக்கு நூற்றுக்கு 80 பங்கு சமுகமளித்திருக்க வேண்டும். பட்டத்திற்கு விதித்த ஆண்டுகளுக்கு மட்டுமே பணம் வரும். பேராதனையில் படிக்கும் ஒரு பொகவந்தலாவைப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். தாய் நோயில் விழுகிறாள். தம்பி தங்கையர் சிறியவர்கள். அவள் பாதி நாட்கள் லயத்திலும் பாதி நாட்கள் வகுப்பிலுமாக அலைகிறாள். பாடங்களில் பாதியை இவ்வாண்டு முடித்து, மீதியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொண்டால் அவள் தப்பித்துக்கொள்வாள். ஆனால் பணம் அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்திலேதான் பணம் நின்றுவிடுகிறது. நோய் தாயைப் பிடிக்கிறது. தண்டனை மகளைப் பிடிக்கிறது.

பிற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 2012 முதல், முழுப் படிப்பின் நான்கில் ஒரு பங்காவது படிக்கும் பகுதி நேர மாணவருக்கும் கட்டணக் கடன் கிடைத்து வருகிறது. 2018 முதல் வாழ்க்கைச் செலவுக் கடனும், படிக்கும் பங்குக்கு ஏற்றபடி வழங்கலாயிற்று. அமெரிக்க அரசாங்கக் கடனைப் பெறக் குறைந்தது அரைப் படிப்பாவது வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால், ஆறு மாதத் தவணைக்குப் பின் பழைய கடனைக் கட்டத் தொடங்க வேண்டும். அங்கும் கடுமை உண்டு. ஆனாலும் அரைப்படிப்பு என்றொரு படி அங்கே இருக்கிறது.

அப்படி ஒரு படியை இங்கே அமைக்க முடியாதா? முடியும். நமது நாட்டின் தகைமைக் கட்டமைப்பிலேயே அதற்குரிய அளவுகோல் இருக்கிறது. ஓர் ஆண்டுப் படிப்பு 30 கிரெடிட். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது சுமார் 50 மணி நேர உழைப்பு. ஆகவே ஒருவன் எவ்வளவு படிக்கிறான் என்பதைத் தராசில் நிறுப்பதுபோல் நிறுத்துவிடலாம்.

"இப்படிச் சலுகை கொடுத்தால் சோம்பேறிகள் பெருகுவார்கள், அரசாங்கப் பணம் வீணாகும்" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மாதம் 7,500 ரூபாய், ஆண்டுக்குப் பத்துத் தவணை, நான்கு ஆண்டு: மொத்தம் 3,00,000 ரூபாய். அதே 120 கிரெடிட்டை, ஆண்டுக்கு 20 வீதம், ஒருத்தி ஆறு ஆண்டில் படிக்கிறாள் என்று கொள்வோம். அவள் படிப்பது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே மாதம் 5,000 ரூபாய் கொடுப்போம். ஆறு ஆண்டுக்கும் சேர்த்து அதே 3,00,000 ரூபாய்தான்! உதவித் தொகையில் அரசாங்கத்திற்கு ஒரு சதமும் கூடவில்லை. நாட்டிற்கோ ஒரு பட்டதாரி மிஞ்சுகிறாள்.

இனி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் மாறும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. பாடத்தைக் குறைக்க நேர்ந்தால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முதலில் பீடத்து அலுவலகத்திலும் உதவி வழங்கும் இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். வைத்தியச் சான்றிதழை உரிய காலத்தில் கொடுங்கள். அனுமதி பெற்று ஒதுங்கியவனுக்குத் திரும்பி வர வழியுண்டு. மௌனமாக மறைந்தவனுக்கு வழி அரிது. அரசு சாராத நிறுவனங்களில் படிப்போருக்காக 2017 இல் தொடங்கிய வட்டியில்லாக் கடனைப் பெறுவோர், கையொப்பம் வைக்கும் முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். படிப்புத் தாமதித்தால் கடன் தொடருமா? திருப்பிக் கட்டும் நாள் எப்போது தொடங்கும்? வேலை செய்துகொண்டே மெல்லப் படிக்க விரும்புவோருக்கு, 1980 இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் அங்கே கட்டணம் கட்டலாம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இச்சங்கம் விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, உதவி நின்றுபோன நம் மாணவருக்குச் சிறு கைம்மாற்றுக் கடன் கொடுத்தால் என்ன? வேலை கிடைத்ததும் அவர்கள் திருப்பித் தருவார்கள். அடுத்தவனுக்கு அது உதவும்.

1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அவற்றை அரசாங்கம் ஏற்க 1970களாயிற்று. அவ்வளவு பிந்தி வந்த சமூகத்தின் பிள்ளைகள் சற்று மெதுவாக நடந்தால், அதைக் குற்றமென்று கொள்ளலாமா? மெதுவாக ஏறுபவனும் மலையுச்சியை அடைவான். நடுவழியில் அவன் கைத்தடியைப் பிடுங்காதிருப்போமாக.