எந்த நாட்டில் மரணம் அதிகம்?



2020ஆம் ஆண்டு கோவிட்-19 கொள்ளைநோய் ஐரோப்பாவைத் தாக்கியபோது, எந்த நாட்டில் மரணம் அதிகம் என்று செய்திகள் நாள்தோறும் பட்டியல் போட்டன. அப்பட்டியலை எப்படிப் படிப்பது என்று இன்று பார்ப்போம்.

அந்த ஆண்டு முடிவில் ஜெர்மனி அறிவித்த மரணங்கள் சுமார் 33,000. பெல்ஜியத்திலோ 19,000க்குச் சற்று மேல். ஜெர்மனிதான் மோசம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 8 கோடியே 30 லட்சம். பெல்ஜியத்தில் 1 கோடியே 15 லட்சம்தான். வகுத்துப் பாருங்கள். பத்து லட்சம் பேருக்கு ஜெர்மனியில் ஏறக்குறைய 400 பேர், பெல்ஜியத்தில் 1,700 பேர் மாண்டனர். பிள்ளைகளைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் அதே கணக்குதான்.

அப்படியானால் பெல்ஜியம் படுமோசமா? அவசரப்படக் கூடாது. நோயின் முதல் அலையில், பரிசோதனை செய்யாவிட்டாலும், இந்த நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகித்த மரணங்களையும் பெல்ஜியம் கணக்கில் சேர்த்தது. முதியோர் இல்லங்களில் மாண்டவர்கள் பலர் அப்படிச் சேர்ந்தவர்களே. ஸ்பெயின் பரிசோதனையில் உறுதியானவற்றை மட்டும் எண்ணி, மே மாத முடிவில் சுமார் 27,000 என்றது. பிற்பாடு அந்நாட்டுப் புள்ளிவிவரக் கழகம் மரணச் சான்றிதழ்களைப் புரட்டி, சந்தேக மரணங்களையும் சேர்த்தபோது தொகை 45,000ஐத் தாண்டியது. ஒளிக்காமல் எண்ணிய நாட்டுக்குத்தான் கெட்ட பெயர் வந்தது என்பது எங்கள் எண்ணம்.

இதற்கு அறிஞர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். பிரட்டில் வழக்கமாக நூறு பேர் நிற்பார்கள். இன்று எண்பது பேர்தான் என்றால், காரணம் கேட்பதற்கு முன்பே இருபது பேர் வரவில்லை என்பது தெரிந்துவிடும். அதுபோல, முந்திய ஆண்டுகளில் வழக்கமாக எத்தனை பேர் இறந்தார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் கூடுதல் என்று பார்ப்பார்கள். எந்த நோய் என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும், மாண்டவர் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

வயதையும் கவனிக்க வேண்டும். இந்த நோய் முதியவர்களையே அதிகம் கொண்டுபோனது. இத்தாலி போல முதியோர் மிகுந்த நாட்டை, இளைஞர் மிகுந்த அயர்லாந்தோடு அப்படியே ஒப்பிடுவது சரியாகாது.

கணக்கு எடுக்கும் நாளும் முக்கியம். 2020 மே முடிவில் பல்கேரியாவில் மரணம் 200ஐக்கூட எட்டவில்லை, எல்லாரும் மெச்சினார்கள். அந்த ஆண்டு முடிவில் தடுப்பூசி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைவானவர்கள் போட்டுக்கொண்டது அங்கேதான். 2020, 2021 இரண்டு ஆண்டுகளின் கூடுதல் மரணங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றியத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நாடு பல்கேரியாவாக இருந்தது.