ஞானப் பல்லும் வானப் பயணமும்

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. ஆயினும் ஞானப் பல் என்று பெயர் பெற்ற கடைசிக் கடைவாய்ப் பல் போவதனால் சொல்லும் போவதில்லை, ஞானமும் குறைவதில்லை. 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், மற்றப் பற்களெல்லாம் இடம் பிடித்துக்கொண்ட பின்னர், பிந்தி வரும் விருந்தாளி அது. பந்தியில் இடமின்றிப் பக்கத்திலிருப்பவரை இடித்துக்கொண்டு உட்கார முயல்பவரைப் போல, அது சாய்ந்தும் படுத்தும் முளைக்கின்றது. ஈறு வீங்குகின்றது, வாய் திறக்க மறுக்கின்றது. பாடசாலையை விட்டு நீங்கும் வயதில் வருவதால், பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடைபெறும் பற்பரிசோதனையிலும் அது பெரும்பாலும் அகப்படுவதில்லை.

பசறைக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணி செய்பவள். ஒரு மாத விடுமுறையில் லயத்துக்கு வந்திருக்கிறாள். பல்வலியைக் கிராம்பு வைத்துப் பொறுத்துக்கொண்டு, விடுமுறை முடியும் தறுவாயில் பதுளைக்கு வந்து ஞானப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறாள். மூன்றாம் நாள் அவள் விமானம் ஏற வேண்டும். “மேலே போனால் புண் வெடித்துவிடும்” என்கிறார் ஒருவர். “ஒன்றும் ஆகாது, புறப்படு” என்கிறார் மற்றொருவர். இவ்விருவரில் யார் சொல்வது சரி?

முதலில் காற்றின் இயல்பை அறிதல் வேண்டும். அழுத்தம் குறையக் காற்று விரியும் என்னும் விதியை 1662ஆம் ஆண்டில் ரொபேட் பொயில் என்னும் அறிஞர் வெளியிட்டார். விமானம் முப்பதினாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், அதனுள்ளே காற்றை அடைத்து, ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போன்ற நிலையைப் பேணுகிறார்கள். ஊவா மக்களுக்கு இது புதிய உயரமன்று. 1924இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதை, ஏறத்தாழ 2,200 அடியிலிருந்து எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை வழியாக ஏறிப் பட்டிப்பொலவில் 6,200 அடியைத் தொடுகின்றது. அவ்வழியே கொழும்புக்குப் போய்வந்தவர், விமானத்தின் உட்காற்றை ஒருவாறு சுவாசித்தவரே. வேறுபாடு யாதெனில், புகையிரதம் பல மணி நேரத்தில் ஏறும் உயரத்தை விமானத்தின் உள்ளறை சில நிமிடங்களில் எட்டிவிடுகின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகள் பலர் உயரே சென்றதும் கடும் பல்வலியால் துன்புற்றனர். மருத்துவர் ஆராய்ந்தபோது, சொத்தைப் பற்களும் பழுதான நிரப்புகளும் சைனஸ் அழற்சியும் அதற்குக் காரணங்களாகத் தெரியவந்தன. மூடிய இடத்தில் சிக்கிய காற்று விரிய வழியின்றி நோவைத் தரும். பல் பிடுங்கிய குழியோ வாயை நோக்கித் திறந்திருப்பது. ஆகவே, புண் வெடித்துவிடும் என்பது வீண் அச்சமே.

எனினும் ஒரு விதிவிலக்கு உண்டு. மேல்வாய்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள், மேல்தாடை எலும்பினுள் உள்ள சைனஸ் என்னும் காற்றறைக்கு மிக அண்மையில் உள்ளன. பல்லைப் பிடுங்கும்போது சில வேளைகளில் இரண்டுக்கும் இடையே துவாரம் விழுந்துவிடும். குடித்த நீர் மூக்கால் வருமாயின் அதுவே அடையாளம். அத்தகையோர் மூக்கைப் பலமாகச் சிந்துதல் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும். துவாரத்தை அடைத்த பின்னரும் குறைந்தது இரண்டு வாரங்கள் பறவாதிருத்தல் நலம்.

இனி, “ஒன்றும் ஆகாது” என்பவரின் கூற்றைப் பார்ப்போம். பல் போன குழியில் இரத்தம் உறைந்து மூடியாகிறது. அந்த மூடி கலைந்தால் எலும்பு வெளிப்பட்டு, காது வரை தெறிக்கும் வலி உண்டாகும். உலர்ந்த குழி எனப்படும் இந்நிலையை 1896இல் குரோபோர்ட் என்னும் மருத்துவர் விவரித்தார். இது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தோன்றும். வீக்கமும் அந்நாட்களிலேயே உச்சத்தை அடையும். நம் பெண் விமானம் ஏறுவது மூன்றாம் நாள்! அப்போது வலி தொடங்கினால் ஆகாயத்தில் மருத்துவர் இல்லை. இறங்கும் நாட்டில் உடனே விடுப்புக் கேட்கும் துணிவும் அவளுக்கு இராது. விமானத்தை ஓட்டுபவர்களுக்கே, மரப்பு ஊசியும் சத்திர சிகிச்சையும் பெற்றபின் 24 முதல் 72 மணி நேரம் பறத்தலை விலக்கும்படி விமான மருத்துவம் அறிவுறுத்துகின்றது. தாடை எலும்பைச் செதுக்கி எடுத்த பல்லாயின் ஒரு வாரம் பொறுத்தலே அறிவுடைமை.

இரத்த மூடியைக் காப்பது நோயாளியின் கடமை. வைத்த பஞ்சுத் துணியை அரை மணி நேரமாவது அழுத்திக் கடிக்க வேண்டும். முதல் நாள் கொப்பளித்தலும் பலமாகத் துப்புதலும் ஆகா. மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்புநீர் நன்று. தேயிலை விளையும் மண்ணிலே சொல்லக் கடினமாயினும், அன்று சுடுதேநீர் வேண்டாம். ஆறிய கஞ்சி போதும். இரத்தம் கசிந்தால், நனைத்து ஆறவிட்ட தேயிலைப் பையைக் கடித்திருக்கலாம்; தேயிலையின் துவர்ப்பு கசிவை அடக்க உதவும். சுருட்டும், புகையிலை சேர்த்த வெற்றிலையும் புண் ஆறும் வரை அறவே ஆகா. அதன் பின்னரும் விட்டொழித்தால் வாய்ப் புற்றுநோயிலிருந்தும் தப்பலாம்.

ஆக, இருவர் சொன்னதும் முழு உண்மையன்று. பறப்பது புண்ணைக் கெடுப்பதில்லை. ஆறும் முன் புறப்படுவதே ஆளைக் கெடுக்கின்றது. பயண நாளைத் தள்ளிப்போடக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி, பல் பிடுங்கியதை மறைப்போர் உளர். மறைக்க வேண்டுவதில்லை, பல் வைத்தியரிடம் ஒரு கடிதம் பெற்று, முகவரிடம் நேரே கேட்கலாம். அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. விடுமுறையில் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே பல்லைக் காட்டிவிடுவது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாள் குறிக்கும் குடும்பம், வலிக்கும் பல்லுக்கும் முதலிலேயே ஒரு நாளைக் குறிக்கட்டும். புண் ஆறுவதற்கு வேண்டிய நாட்களை எந்தப் பயணச் சீட்டாலும் குறைக்க இயலாது.